புலிப்பால் காளான்

மழைக்கு முளைத்த காளான் என்று ஒருவரை இகழ்ந்து பேசுவது நம் வழக்கம். நேற்று இல்லாதது, இன்று தலைநீட்டுவது, நாளை அழுகி மறைவது என்பதே அதன் பொருள். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நானும் இளமையில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அறிவியல் படித்த பிறகுதான் அந்த இகழ்ச்சி எவ்வளவு பொருந்தாதது என்பது புரிந்தது. மண்ணுக்கு மேலே நாம் காண்பது காளானின் கனி போன்ற உறுப்பு மட்டுமே. அதன் மெய்யான உடல், நூலினும் மெல்லிய இழைகளாக மண்ணுக்கடியிலும் மரத்தின் உள்ளேயும் பரவி, ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. வெளியே தெரியும் பாதியைக் கண்டு முடிவு கட்டியவர்கள் நாம். மறைந்திருக்கும் பாதியைத் தோண்டிப் பார்க்கவில்லை.

காளானைப் பற்றி மட்டுமன்று, காளானைப் பற்றி நான் சொல்லி வந்த ஒரு கதையிலும் மறைந்த பாதி ஒன்று உண்டு. அதை மறைத்தவன் நானே. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்களுக்கு அறிவியல் கற்பித்த ஓர் ஆசிரியன், தன் வீட்டில் செய்த பிழையை ஒப்புக்கொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கதையை, நான் வழக்கமாகச் சொல்லி வந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

பேராக் மாநிலத்தில், தாப்பா நகரிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில், காட்டை ஒட்டி எங்கள் ரப்பர்த் தோட்டம் இருந்தது. 1963ஆம் ஆண்டு, எனக்கு வயது பத்து. அப்பா பால்மரம் வெட்டினார். அம்மாவுக்கு ரப்பர்த் தகடுகளைத் தொங்கவிட்டு உலர்த்தும் புகைவீட்டில் வேலை. மழைக்காலம் வந்துவிட்டால் அம்மாவின் மார்பில் இழுப்பும் வந்துவிடும். லயத்து வீட்டின் பலகைச் சுவருக்கு அப்பால் உறங்கும் அண்டை வீட்டாருக்கும் கேட்கும்படி, இரவெல்லாம் மூச்சு சீறும். சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, விடியும்வரை அவர் உட்கார்ந்திருப்பார். நானும் அக்காவும் போர்வைக்குள் விழித்துக்கொண்டு, அடுத்த மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

காட்டிலிருந்து செமாய் இனப் பெரியவர் ஒருவர் தேனும் பிரம்பும் கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வருவார். அவரை நாங்கள் தோக் என்று அழைப்போம். மலாய் மொழியில் பாட்டனார் என்பது பொருள். அந்நாளில் தோட்டத்தில் பலர் அவருடைய இனத்தாரை இழிவான பெயரிட்டு அழைப்பர். அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வந்தால் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார். ஒருநாள் அப்பா அம்மாவின் நோயைப் பற்றி அவரிடம் சொன்னார். சில வாரங்கள் கழித்து, இலையில் சுற்றிய ஒரு கட்டியை அவர் கொண்டு வந்தார். சேப்பங்கிழங்கு அளவில், வெளியே கறுத்தும் உள்ளே வெண்சுண்ணம் போலவும் இருந்தது. புலிப்பால் என்றார். குட்டிக்குப் பாலூட்டும் தாய்ப்புலியின் மடியிலிருந்து மண்ணில் சிந்திய துளியில் முளைப்பது அந்தக் காளான் என்பது காட்டு மக்களின் நம்பிக்கை.

இதைக் கேட்ட எங்கள் தோட்டத்து மருத்துவமனை டிரெசர், அவர் மலையாளி, வாய்விட்டுச் சிரித்தார். தாயின் நோய்க்குப் புலிப்பால் கொண்டுவரக் காட்டுக்குப் போன ஐயப்பன் கதையை அவரிடம்தான் முதன்முதலில் கேட்டேன். அம்மா கல்லில் இழைத்துக் குடித்தார். அந்த மழைக்காலத்தின் கடைசியில் இழுப்பு தணிந்தது. அடுத்த ஆண்டு அம்மா படுத்து உறங்கினார்.

இதுதான் நான் சொல்லி வந்த கதை. பள்ளியில் சொன்னேன், திருமண வீடுகளில் சொன்னேன், பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னேன். கேட்டவர் வியக்க வியக்க, கதையும் மெருகேறியது. வெள்ளைக்காரன் மாத்திரையால் ஆகாததைக் காட்டு மருந்து முடித்துவிட்டது என்ற ஒரு வரியும் காலப்போக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. நம்மவர் அறிவை நாமே தாழ்த்திக்கொள்ளும் காலத்தில் இப்படிப் பேசுவது நல்லதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2011ஆம் ஆண்டு, அக்கா வீட்டுப் பேத்தியின் முதல் பிறந்தநாள் விருந்திலும் அந்தக் கதையைச் சொன்னேன். அங்கிருந்த சுற்றத்தார் ஒருவர் லிங்சிக் காளான் மாத்திரைகளை விற்பவர். ஆள் சேர்த்து, அவர்கள் வழியாக மேலும் ஆள் சேர்த்து விற்கும் வியாபாரம் அது. நான் கதையை முடித்ததும் அவர் எழுந்து, “பார்த்தீர்களா, அறிவியல் வாத்தியாரே சொல்லிவிட்டார்” என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அக்காவுக்கு இரத்த அழுத்தம் பல ஆண்டுகளாக இருந்தது. நாள்தோறும் மாத்திரை எடுத்துக்கொள்பவர். அடுத்த வாரமே லிங்சி வாங்கத் தொடங்கினார். இரண்டாவது மாதத்தில் மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டார். நான்காவது மாதத்தில் ஒரு காலைப்பொழுது, அடுப்படியில் கரண்டி கையிலிருந்து நழுவி விழுந்தது; பின்னாலேயே அவரும் விழுந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தார், வலக்கை முழுமையாகத் திரும்பவில்லை. மருத்துவமனையில், பேச்சு சற்றுத் தெளிந்த நாளில், நான் கேட்டேன்: “ஏன் அக்கா மாத்திரையை நிறுத்தினாய்?” அவர் மெல்லச் சொன்னார்: “அம்மாவுக்குச் சுகமாச்சுன்னு நீதானே தம்பி சொன்னே.”

அந்தச் சொல்லுக்கு என்னிடம் விடையில்லை. விற்றவரைக் கோபிப்பது எளிது, கோபித்தும் பார்த்தேன். ஆயினும் அன்றிரவு வீடு திரும்பும் வழியெல்லாம், கதையிலிருந்து நான் கழற்றி எறிந்த பகுதிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

தோக் கேட்டவுடன் மருந்து கொடுத்துவிடவில்லை. யாருக்கு என்று கேட்டார். அப்பா சொல்லக் கேட்டும் நிறைவடையாமல், எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவை நேரில் பார்த்தார். சளியின் நிறத்தைக் கேட்டார். கருவுற்றிருக்கிறாரா என்று கேட்டார். மருத்துவமனையில் என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்பதையும் கேட்டார். கட்டியைக் கொண்டு வந்த அன்று, அதை எங்கள் கண்முன்னே கீறிக் காட்டி, உள்ளே இப்படி வெளுத்திருந்தால்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், தோற்றத்தில் இதைப் போலவே வேறு சிலவும் மண்ணுக்கடியில் கிடைக்கும், அவற்றைத் தொடாதே என்றார். கல்லில் பத்து முறை இழைத்து, அரைக் கோப்பை பச்சைத் தண்ணீரில் கலந்து காலையில் மட்டும் குடிக்கச் சொன்னார். அதற்கு மேல் வேண்டாம் என்றார். கடைசியாக அவர் சொன்னதுதான் முதன்மையானது: “மருத்துவமனை மாத்திரையை விடாதே. இரவில் மூச்சு நின்றுபோகிறாற்போல் இருந்தால் என்னைத் தேடாதே. என் வீடு தூரம், மருத்துவமனை பக்கம்.”

அம்மா அந்த மாத்திரையை விடவே இல்லை. அது மட்டுமன்று. அதே மாதத்தில், கதையைக் கேட்டுச் சிரித்த அதே டிரெசர் கிராணியாரிடம் பேசி, அம்மாவைப் புகைவீட்டு வேலையிலிருந்து புல்வெட்டு வேலைக்கு மாற்றிவிட்டார். நாள்தோறும் புகையைச் சுவாசித்த மார்புக்கு ஓய்வு கிடைத்தது. அப்படியானால் அம்மாவைக் குணப்படுத்தியது எது? காளானா, மாத்திரையா, புகையிலிருந்து விலகியதா, மூன்றும் சேர்ந்தா? இதற்கு விடை காண வழியே இல்லை. ஒரே நேரத்தில் மூன்று மாறியிருக்க, எனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்து மாலை சூட்டினேன். வகுப்பறையில் ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் அவனுடைய ஆய்வேட்டில் சிவப்பு மையால் கோடிட்டிருப்பேன்.

தோக் கேட்டவற்றை மூன்று கேள்விகளாகச் சுருக்கலாம்: எது? எவ்வளவு? எவருக்கு? அக்காவுக்கு மாத்திரை விற்றவர் இம்மூன்றில் ஒன்றையும் கேட்கவில்லை. ஆனால் உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் காளானிடம் கேட்பதும் இதே மூன்றைத்தான். அக்கா படுக்கையில் இருந்த மாதங்களிலும் அதற்குப் பிந்திய ஆண்டுகளிலும் நான் தேடிப் படித்தவற்றை, அந்த வரிசையிலேயே இங்குச் சொல்கிறேன்.

முதற்கேள்வி, எது? புலிப்பால் காளானைப் பற்றிய செய்தி ஐரோப்பாவுக்கு மிக முன்னரே போய்ச் சேர்ந்துவிட்டது. இலண்டனில் வாழ்ந்த ஜான் ஈவ்லின் என்பவர், கிழக்கு நாடுகளிலிருந்து கப்பலில் வந்த அரும்பொருள்களுள் ஒன்றாகப் புலிப்பாலை 1664ஆம் ஆண்டு நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். பினாங்கில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1879இல் குக் என்ற அறிஞர் அதற்கு முறைப்படி அறிவியற் பெயரிட்டார். இன்று அது லிக்னோசஸ் ரைனோசெரஸ் என்று வழங்குகிறது. சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராயிருந்து, நம் முன்னோரை இந்நாட்டுக்குக் கொண்டு வந்த ரப்பர்த் தொழிலுக்கு வழிகாட்டிய ரிட்லியும், 1890இல் இக்காளானை இவ்வட்டார மக்களின் மருந்தாகக் குறித்தார். அதைப் பயிரிட எடுத்த முயற்சி கைகூடவில்லை என்பதும் அவர் குறிப்பில் உண்டு. நூறாண்டுக்கு மேல் கடந்து, 2009ஆம் ஆண்டு வாக்கில்தான் மலேசியாவில் அதைப் பெருமளவில் வளர்க்கும் முறை அமைந்தது.

மருந்தாவது குடைபோல் விரியும் மேற்பகுதியன்று. மண்ணுக்கடியில் அது சேமித்து வைக்கும் கிழங்கு போன்ற கட்டி. அந்தக் கட்டியில் உள்ளவற்றுள் ஆய்வாளர் கவனத்தை மிகவும் ஈர்த்தவை இரண்டு. ஒன்று, பீட்டா குளுக்கான் என்னும் பெருமூலக்கூறு. சோற்றிலுள்ள மாவுச்சத்தைப் போலவே இதுவும் குளுக்கோஸ் மணிகள் கோத்த மாலைதான். ஆனால் மணிகள் கோக்கப்பட்ட விதம் வேறு. அதனால் நம் குடலிலுள்ள நொதிகளால் இதை அறுத்துச் செரிக்க இயலாது. காளானின் உயிரணுச் சுவரே இப்பொருளால் கட்டப்பட்டிருப்பதால், நம் உடலின் காவல் அணுக்கள் இதை அந்நியர் வருகையின் அடையாளமாகக் கொள்கின்றன. அந்த அணுக்களின் மேல் டெக்டின்-1 என்னும் ஏற்பி இருக்கிறது. பூட்டில் சாவி பொருந்துவது போல் பீட்டா குளுக்கான் அதில் பொருந்த, அணு விழித்துக்கொள்கிறது. இந்தப் பூட்டு 2001இல்தான் அடையாளம் காணப்பட்டது. காளான் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் என்ற பேச்சுக்கு அடிப்படை இதுவே.

மற்றொன்று புரதம். இக்காளானின் மரபுநிரல் முழுவதையும் 2014இல் வெளியிட்டவர்கள் கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தார். எதிர்ப்பாற்றலைச் சீர்செய்யும் வகையைச் சேர்ந்த ஒரு புரதம் இதில் இருப்பதை 2016இல் வந்த மற்றோர் ஆய்வு விரித்துரைத்தது. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 2012ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று. இந்தக் கட்டியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து எடுத்த சாறு, ஆய்வகத்துக் கண்ணாடிக் கலத்தில் புற்றணுக்களின் பெருக்கத்தைத் தடுத்தது. சூடாக்கியதும் அந்த ஆற்றல் குன்றியது. வெப்பத்தில் சிதையும் புரதமே காரணம் என்று ஆய்வாளர் கருதினர். பச்சைத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும் என்று தோக் சொன்னதை எண்ணிக்கொண்டேன். 2018இல் வெளிவந்த ஆய்வு, இக்காளானின் சாறு எலியின் மூச்சுக்குழல் தசையைத் தளர்த்துவதையும், தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுப்பதே அதற்கு வழி என்பதையும் காட்டியது. இழுப்பு நோயில் இறுகுவது அந்தத் தசைதான்.

ஆகவே தோக்கின் மருந்து வெறும் நம்பிக்கையன்று. நோயோடு தொடர்புடைய ஏதோ ஒன்று அதில் இருக்கிறது. ஆனால் எலியின் குழல் ஆய்வகத்தில் தளர்ந்தது என்பதும், என் தாயின் மார்பு தளர்ந்தது என்பதும் ஒன்றல்ல. மேலும், அக்கா விழுங்கியது புலிப்பால் காளானே அன்று. லிங்சி வேறு இனம். அதன் கசப்புக்குக் காரணமான கானோடெரிக் அமிலங்கள் 1982 முதல் ஒவ்வொன்றாகப் பிரித்தறியப்பட்டவை. அதன் பொருள்கள் வேறு; அதற்கென்று சொல்லப்படும் பயன்களும் வேறு. காளான் என்ற ஒரு சொல்லைப் பாலமாக்கி, என் தாயின் கதையை எங்கோ வளர்ந்த மற்றொரு காளானுக்குச் சான்றிதழாக்கிவிட்டோம். கிழங்கு என்ற பெயரால் மரவள்ளியும் இஞ்சியும் ஒன்றாகிவிடுமா?

இரண்டாம் கேள்வி, எவ்வளவு? எங்கள் லயத்துக்குப் பின்னால் பட்டுப்போன பால்மரக் கட்டைகள் கிடக்கும். மழைக்குப் பின் அவற்றில் சாம்பல் நிறத்தில் சின்னஞ்சிறு விசிறிகளாகக் காளான் அடர்ந்திருக்கும். மலாய்க்காரர் அதைச் செண்டாவான் கூக்கூர் என்பர், தேங்காய்ப்பாலில் சமைப்பர். நாங்களும் சமைத்து உண்டிருக்கிறோம். பல்லுக்கு வேலை கொடுக்கும் அந்த ஏழைக் காளானிலிருந்து ஜப்பானியர் சிசோபில்லான் என்னும் பீட்டா குளுக்கானைப் பிரித்து, 1980களில் கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு சேர்த்துத் தரும் துணைமருந்தாக்கினர் என்பதைப் படித்தபோது எனக்குப் பெருமை பொங்கியது. ஷீட்டாக்கே காளானிலிருந்து கோரோ சிஹாராவும் அவர் குழுவினரும் 1969இல் அறிவித்த லென்டினான் அவ்வாறே 1985இல் இரைப்பைப் புற்றுக்குத் துணைமருந்தாயிற்று.

ஆனால் பெருமையோடு நின்றுவிடாமல் அடுத்த வரியையும் படித்தேன். இவை தூய்மையாக்கப்பட்டு, அளந்து, ஊசி வழியாக, முதன்மை மருத்துவத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டவை. குடல் உறிஞ்ச இயலாத பெருமூலக்கூற்றை வாய்வழி விழுங்குவதும் குருதியில் ஏற்றுவதும் ஒன்றாகா. கட்டைக் காளானைக் கறியாக்கி உண்ட நாங்கள் புற்றுமருந்து உண்டவர்கள் ஆகமாட்டோம்.

பூஞ்சையிலிருந்து மருந்து பிறக்கும் பாதை எவ்வளவு நெடியது என்பதற்கு அகிரா எண்டோவின் வாழ்க்கையே சான்று. ஜப்பானின் வடபகுதிக் கிராமம் ஒன்றில் காளான்களைப் பார்த்து வியந்து வளர்ந்த சிறுவர் அவர். பின்னாளில் ஏறத்தாழ 6,000 பூஞ்சை வகைகளைச் சோதித்து, 1973இல், கொழுப்பு உருவாவதைத் தடுக்கும் காம்பாக்டினை ஒரு பூசணத்தில் கண்டார். அந்த வகையைச் சேர்ந்த முதல் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1987இல். இன்று உலகில் கோடிக்கணக்கானோர் உண்ணும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் தோற்றம் அதுவே. இன்னொன்றையும் சொல்லலாம். புளூரோமுட்டிலின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி 1951இல் ஒரு காளானிலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் வழிவந்த லெஃபாமுலின் நிமோனியாவுக்கு மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 2019இல். இடையே அறுபத்தெட்டு ஆண்டுகள்! அக்கா வீட்டு அலமாரியில் இருந்த புட்டியிலோ, உள்ளே எந்தப் பொருள் எத்தனை மில்லிகிராம் என்ற குறிப்பே இல்லை. அட்டையில் மலையும் மேகமும் அழகாக வரையப்பட்டிருந்தன.

மூன்றாம் கேள்வி, எவருக்கு? இதுவே மிகவும் கடினமானது. மருந்து உண்ட ஒரு குழுவையும் உண்ணாத ஒரு குழுவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அல்லாமல், குணம் எதனால் வந்தது என்று சொல்ல இயலாது. புகைவீட்டை விட்டு விலகிய என் தாயே இதற்குப் போதிய சான்று. லிங்சியைக் குறித்து இவ்வாறு நடந்த சோதனைகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் அறிக்கைகள் இரண்டைத் தேடிப் படித்தேன். புற்றுநோய்க்கு அதை முதன்மை மருந்தாகக் கொள்ளப் போதிய சான்றில்லை, வழக்கமான மருத்துவத்துக்குத் துணையாகக் கருதலாம் என்றது 2012ஆம் ஆண்டு அறிக்கை. நீரிழிவு உடையோரிடம் இதயநோய்க்கான ஆபத்துகளைக் குறைக்க அதைப் பயன்படுத்துவதற்குக் கிடைத்துள்ள சான்றுகள் இடம் தரவில்லை என்றது 2015ஆம் ஆண்டு அறிக்கை. குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து உண்போர் லிங்சியில் கவனமாயிருக்க வேண்டும் என்று மருத்துவர் எச்சரிப்பதும் உண்டு. அக்காவிடம் இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டியவன், புலி கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் மறுப்பே என்று எண்ணிவிட வேண்டாம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தார், அறுபது வயது கடந்த 663 பேரிடம் 2011 முதல் 2017 வரை திரட்டிய செய்திகளை 2019இல் வெளியிட்டனர். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் சமைத்த காளான் உண்போரிடம், இலேசான நினைவுத் தளர்ச்சி காணப்படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக இருந்தது. அவர்கள் உண்டவை சந்தையில் எளிதில் கிடைக்கும் காளான்களே. எர்கோதியோனின் என்னும் பொருள் இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. நம் உடலால் இதைச் செய்துகொள்ள இயலாது; ஆயினும் உணவிலிருந்து இதை ஈர்த்து உள்ளே கொண்டு செல்வதற்கென்றே நம் அணுக்களில் ஒரு வாயில் இருக்கிறது என்பது 2005இல் தெரியவந்தது. உணவில் இதன் சிறந்த ஊற்று காளானே. இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. காளான் உண்போர் வேறு பல நல்ல பழக்கங்களும் உடையவராய் இருக்கலாம். தொடர்பு காணப்பட்டது என்பதே முடிவு. காரணம் நிறுவப்பட்டது என்பதன்று. ஆயினும் மாத்திரையை நிறுத்தச் சொல்லாத, கறியாகவே உண்ணச் சொல்லும் அறிவுரையில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பழைய தோட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பால்மரங்கள் இல்லை, லயங்களும் இல்லை. எங்கு நோக்கினும் செம்பனை. ஒரு மரத்தின் அடியில், வார்னிஷ் பூசியது போல் மின்னும் பழுப்புக் காளான் ஒன்று தட்டாக ஒட்டியிருந்தது. அங்கு வேலை செய்த இளைஞர் அதைக் காட்டி, இது வந்தால் மரம் போய்விட்டது என்று பொருள் என்றார். அது லிங்சியின் பேரினத்தைச் சேர்ந்தது. செம்பனையின் அடித்தண்டை அழுகச் செய்யும் கொடிய நோய்க்குக் காரணம். ஓரினம் மருந்துக் கடையில் கண்ணாடிப் பேழைக்குள், உடன்பிறப்பு தோட்டத்தின் பகையாக! காளான் நல்லதென்றோ தீயதென்றோ பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எது, எவ்வளவு, எவருக்கு என்று கேட்டுத்தான் சொல்ல முடியும்.

காட்டின் ஓரம் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. மலாயாப் புலிகள் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்று 2022இல் அரசு அறிவித்தது. தோக் எப்போதோ மறைந்திருப்பார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்று புட்டியில் அடைத்து விற்கப்படும் புலிப்பால் காளானின் அட்டையில் புலியின் படம் இருக்கிறது. அதை அறிந்து, காத்து, அளவு சொல்லிக் கொடுத்த மக்களுக்கு அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை நாம் கேட்க வேண்டும். அவர்களுடைய அறிவைப் போற்றுவதென்றால், அவர்கள் கொடுத்த மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனோடு சேர்த்துக் கொடுத்த எச்சரிக்கையை எறிந்துவிடுவதன்று. நான் செய்தது அதுதான்.

அக்கா இப்போது இடக்கையால் சமைக்கப் பழகிக்கொண்டார். சென்ற மாதம் போயிருந்தபோது, சிப்பிக்காளானில் மிளகு தூக்கலாகப் போட்டு வறுவல் செய்திருந்தார். இலையில் பரிமாறிக்கொண்டே, “தம்பி, இது மருந்தா, கறியா?” என்று கேட்டார். “கறி, அக்கா” என்றேன். “அப்போ மருந்து?” என்று அவரே கேட்டு, அலமாரியில் இருந்த மாத்திரைப் பெட்டியை இடக்கையால் எடுத்துக் காட்டினார். அன்றைய காலை அறை காலியாயிருந்தது.

அவருடைய பேத்தி எங்கள் அருகே வந்து அமர்ந்து, புலிப்பால் கதை சொல்லுங்கள் தாத்தா என்றாள். சொன்னேன். புகைவீட்டையும் சொன்னேன், டிரெசரையும் சொன்னேன், மாத்திரையை விடாதே என்று தோக் சொன்னதையும் சொன்னேன். முன்பு சொன்ன கதையைவிட இது சற்று நீளம். வியப்பும் சற்றுக் குறைவு. அவள் கடைசிவரை கேட்டாள். அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார்.